பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது?

கே: எங்கள் நகரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை, பத்து வருடம் கழித்து மனை போட்டு விற்கப் பார்க்கிறார்கள். தடுக்க முடியுமா? (தஞ்சாவூர்)

ப: முடியும். பெயர்ப்பலகையையும் கம்பி வேலியையும் நம்பி உட்காராதீர்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலை, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்து, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு: உட்பிரிவு செய்து பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். சிட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே வரும். அதைக் காட்டித்தான் விற்பனை நடக்கிறது. மூன்று நகல்களையும் இணைத்து உள்ளாட்சிக்கும் தாசில்தாருக்கும் மனு கொடுங்கள். அதே நாளில் சார்பதிவாளருக்கும் ஆட்சேபனை போகட்டும். பெங்களூரில் பூங்கா இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொல்லிவிட்டது; மனைக்கு ஏது நியாயம்?

கே: எவ்வளவு இடம் விட வேண்டும்? (கும்பகோணம்)

ப: சாலை போக மீதியில் 10 சதவீதம். 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது நம் கணக்கில் (மூன்று மா ஒரு ஏக்கர்) சுமார் இரண்டேகால் மா வரை, விட வேண்டியதில்லை. 10,000 வரை (ஏறக்குறைய ஏழரை மா) இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடமேதான். ஒரே தாக்கை (நிலத்துண்டை) இரண்டு மா, இரண்டு மாவாக நறுக்கி ஒப்புதலுக்குக் கொடுத்தால், பூங்கா காணாமல் போகிறது என்று பொருள்.

கே: வாய்க்கால் கரை மரங்களில் எண் எழுதியிருக்கிறார்கள். (மன்னார்குடி)

ப: வெட்டப் போகிறார்கள். பொது இடத்து மரத்துக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். உத்தரவில் உள்ள எண்ணிக்கையும் மரத்தில் உள்ள கடைசி எண்ணும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது வழக்கமான நிபந்தனை. ஐப்பசி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை அடைத்ததும் வாய்க்கால் வறண்டுவிடும். கன்று சாவது மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில்தான். அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கே: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வயலை மனை ஆக்கலாமா? (திருவாரூர்)

ப: 2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றை. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு நகர் ஊரமைப்பு விதிகள்தான் கதி.