பழைய டேப்லெட்டுக்கு எந்த பிரவுசர்?

கேள்வி: செய்தித்தளங்களும் சமையல் குறிப்புகளும் படிப்பதற்கு என் மாமியார் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றைப் பயன்படுத்துகிறார். ஆண்ட்ராய்டு 8.1, ரேம் 2 ஜிபி. படித்துக்கொண்டிருக்கும்போதே விளம்பரங்கள் புகுந்து எழுத்தைக் கீழே தள்ளிவிடுகின்றன; தவறிக் கை பட்டால் வேறு பக்கம் திறக்கிறது. இப்போது குரோமும் அப்டேட் ஆவதில்லை. புதிய டேப்லெட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: படிப்பதற்கு மட்டும் என்றால் வாங்க வேண்டியதில்லை, பிரவுசரை மாற்றினால் போதும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 139ஆம் பதிப்பு முதல் குரோமுக்குக் குறைந்தது ஆண்ட்ராய்டு 10 தேவைப்படுவதால், உங்கள் டேப்லெட்டில் அது 138உடன் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பிரவுசரில் இணையத்தில் உலவுவது ஆபத்தானது. தவிர, விளம்பரங்களைத் தடுப்பது போன்ற வேலைகளுக்காகப் பிரவுசரில் சேர்க்கும் சிறு மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களை ஆண்ட்ராய்டு குரோமில் சேர்க்கவே வழியில்லை.

என் பரிந்துரை ஃபயர்பாக்ஸ். 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்பில் அதுவும் ஆண்ட்ராய்டு 5, 6, 7 ஆகியவற்றைக் கைவிட்டது என்றாலும், 8ஐ ஏற்றுக்கொண்டது. பிளே ஸ்டோரிலிருந்து நிறுவிய பின், மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். ரேமண்ட் ஹில் உருவாக்கிய இது முற்றிலும் இலவசம். ஒத்த பெயரில் வேறு சிலவும் உலவுவதால் 'ஆரிஜின்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கான நிரல்கள் இறங்குவதையே இது தடுத்துவிடுவதால், 2 ஜிபி ரேம் உள்ள கருவியில் பக்கங்கள் விரைவாகத் திறக்கும், டேட்டாவும் மிச்சமாகும். அதன் அமைப்புகளில், எவற்றைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் நீண்ட வடிகட்டிப் பட்டியல்கள் இருக்கும். எல்லாவற்றையும் டிக் செய்தால் நினைவகம் வீணாகும் என்பதால், முதலில் இருப்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏதேனும் ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லை என்றாலோ, நீங்கள் மதிக்கும் பத்திரிகைக்கு விளம்பர வருமானம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தாலோ, யூபிளாக் ஆரிஜினைத் திறந்து பெரிய பவர் பொத்தானைத் தொட்டால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடை நீங்கும். நல்ல தமிழ்த் தளங்களுக்கு இந்த விலக்கை அளிப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

மாமியாருக்கு மிகவும் பயன்படக்கூடியது ஃபயர்பாக்ஸின் வாசிப்புப் பார்வை. கட்டுரைப் பக்கங்களில் அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தும் படமும் மட்டும் எஞ்சும்; எழுத்தின் அளவையும் கூட்டிக்கொள்ளலாம்.

பிரவுசர் புதிதானாலும் ஆண்ட்ராய்டு பழையதுதான் என்பதால், வங்கிக் கணக்கு, யுபிஐ போன்றவற்றை இந்த டேப்லெட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஃபயர்பாக்ஸை இயல்பு பிரவுசராக அமைக்கவும் மறவாதீர்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் பழைய குரோமிலேயே திறக்கும்.