மூன்று விரல் கரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சென்னிமலை வாசகர் ஒருவரின் கேள்வி: தாத்தாவின் தறிக் கணக்கு நோட்டில் "எட்டு முழ வேட்டி, அகலம் 50 இஞ்ச், கரை மூன்று விரல்" என்றும், அதோடு கிடைத்த பழைய ஆங்கில விலைப்பட்டியலில் கரை "1 நெயில்" என்றும் இருக்கின்றன. அதே வேட்டியைத் திரும்ப நெய்ய, இவற்றை மில்லிமீட்டருக்கு எப்படி மாற்றுவது?

எந்தப் பழைய அளவானாலும் முதலில் இஞ்சுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே 25.4ஆல் பெருக்குங்கள். ஜவுளிக் கணக்கில் ஒரு கஜம் இரண்டு முழம், ஒரு முழம் இரண்டு சாண், ஒரு சாண் பன்னிரண்டு விரல். கஜம் 36 இஞ்ச் என்பதால் முழம் 18, சாண் 9, விரல் முக்கால் இஞ்ச் என்றாகிறது. ஆங்கிலேயர் துணி அளவில் கஜத்தின் பதினாறில் ஒரு பங்கு நெயில். அது இரண்டேகால் இஞ்ச். ஆகவே உங்கள் நோட்டின் மூன்று விரலும் பட்டியலின் ஒரு நெயிலும் ஒரே அளவுதான்: 57.15 மில்லிமீட்டர். பூக்காரர் கையால் அளக்கும் முழம் ஆளுக்கு ஆள் மாறும்; அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேட்டியின் நீளம் 144 இஞ்ச், அதாவது 3657.6 மில்லிமீட்டர். "இஞ்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர்" என்று வாய்க்கணக்காகப் போட்டால் 3600தான் வரும்; குறைகிற 57.6 மில்லிமீட்டர் ஏறக்குறைய உங்கள் கரையின் அகலம். இன்று கடைகளில் எட்டு முழ வேட்டி பெரும்பாலும் 3.60 மீட்டர் என்றே விற்பதால், கடை வேட்டியை மாதிரியாக வைத்து அளக்காதீர்கள். தசமங்களை முழு எண்ணாக்குவதைக் கடைசிப் படியில் ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

இருந்தாலும் கரைக்கு மில்லிமீட்டரே தேவையில்லை என்பது என் கருத்து. தறியில் கரையைத் தீர்மானிப்பது, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின் எண்ணிக்கை. அந்த இழைகளைக் கோக்கும், சீப்பு போன்ற தறிப் பாகம்தான் அச்சு. அதற்கு எண் இடும் ஸ்டாக்போர்ட் முறையில் அச்சின் எண் இரண்டு இஞ்சில் உள்ள பற்களைக் குறிக்கும்; பல்லுக்கு இரண்டு இழை கோத்தால், 80ஆம் எண் அச்சில் இஞ்சுக்கு 80 இழை வரும். அப்போது இரண்டேகால் இஞ்ச் கரைக்குச் சரியாக 180 இழை. 50 இஞ்ச் அகலத்துக்கு, இரு கரைகளையும் சேர்த்து, 4000 இழை. இதே கணக்கை 57 மில்லிமீட்டர் என்று முழுமையாக்கிவிட்டுப் போட்டால் 179.5 என்று வந்து நிற்கும், அரை இழையை யாரும் கோக்க முடியாது. தறியிலிருந்து இறக்கியதும் துணி அகலத்தில் சற்றுச் சுருங்குமாதலால், நோட்டின் 50 இஞ்ச் அச்சில் அளந்ததா, இறக்கிய துணியில் அளந்ததா என்பதை, பழைய வேட்டி ஏதேனும் வீட்டில் இருந்தால் அதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

நோட்டில் வேறெங்காவது "4 நூல்" என்று எழுதியிருந்தால், அது நான்கு இழையா, அல்லது தச்சரும் கொத்தனாரும் சொல்கிற, எட்டில் ஒரு இஞ்சான நூலா என்று இடம் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். பின்னதானால் நான்கும் சேர்ந்து 12.7 மில்லிமீட்டர். விலைப்பட்டியலில் "எல்" என்ற அளவு வந்தால் இன்னும் கவனம் தேவை: இங்கிலாந்து எல் 45 இஞ்ச், அதாவது 1143 மில்லிமீட்டர், பிளெமிஷ் எல் 27 இஞ்ச், 685.8 மில்லிமீட்டர் மட்டுமே.