துணி துவைத்தால் பாவம், கறி சமைத்தால்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் கூடாது, ஊசி நூலைத் தொடக் கூடாது. ஓய்வுநாளை மீறுகிற பாவம் என்பார்கள் அத்தை. ஆனால் அன்றைக்கு நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து, பலகாரம் செய்துவைத்து, ஆராதனைக்குப் போய், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, திரும்பி வந்து எட்டுப் பேருக்குக் கறி சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி நாலு. திங்கட்கிழமை வேலைக்குப் போவதுதான் எனக்கு ஓய்வு. ஐம்பது வயதில் முழங்கால் வலி வேறு. இதற்கிடையில் கொழுந்தனார், சனிக்கிழமைதான் உண்மையான ஓய்வுநாள் என்று வேறு சபைக்குப் போகத் தொடங்கிவிட்டார். எது சரி? இந்த ஓய்வுநாள் யாருக்குத்தான்?
- ஒரு சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே யாராவது எழுதியிருக்கலாம்" என்றாள். ஆயராக இருந்த காலத்தில் ஓய்வுநாளைப் பற்றி நான் செய்த பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. முடிந்ததும் வெளியூர் ஊழியர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கொழுந்தனார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேதம் சொல்லும் ஏழாம் நாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடிகிறது. அதில் அவர் சொல்வது சரி. ஞாயிறு ஆராதனையே ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் புகுத்தியது என்று சனிக்கிழமைச் சபைக்காரர்கள் சொல்வார்கள், அதுதான் சரியில்லை. கி.பி. 321-இல் ஞாயிறை விடுமுறையாக்கி அவன் சட்டம் போட்டது உண்மை. (அதிலும் விவசாயிகளுக்கு விலக்கு உண்டு. பருவம் பார்த்து விதைக்கிறவன் கிழமை பார்க்க முடியாது என்பது ராஜாவுக்கே தெரிந்திருக்கிறது.) ஆனால் அதற்கு 150 வருஷத்துக்கும் முன்பே, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்று விசுவாசிகள் ஞாயிறன்று கூடியதை விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சி ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்துக்கும் இந்தச் சண்டை புதிதில்லை. நம் தென்மாவட்டத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனரிமாரோடு மோதி, 1857-இல் தனிச் சபை கண்டபோது, ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கே கொண்டுபோனார். பவுல் ரோமர் 14-இல், நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நானும் விட்டுவிடுகிறேன். கொழுந்தனாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சனிக்கிழமை அவருக்குச் சமைத்துப் போடுவது யார்?

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20-இல் சொல்லப்படும் காரணம் நமக்கு மனப்பாடம்: ஆறு நாளில் உலகத்தை உண்டாக்கிய கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-இல் மோசே அதே கட்டளையைத் திரும்பச் சொல்கிறார், ஆனால் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினை. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். 'உன்னைப்போல' என்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் ஒரு பிரசங்கம்கூடச் செய்ததில்லை.

எகிப்தில் நடந்ததையும் பாருங்கள். ஆண்டவரை ஆராதிக்க மூன்று நாள் விடுங்கள் என்று அடிமைகளான இஸ்ரவேலர் கேட்டதற்கு எகிப்தின் ராஜா பார்வோன் சொன்ன பதில், "நீங்கள் சோம்பேறிகள்." சொன்னதோடு விடவில்லை. இனி வைக்கோலையும் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றான். ஞாயிறு மத்தியானம் அரைமணி நேரம் தலை சாய்க்கிற மருமகளுக்கு நம் வீடுகளில் என்ன பெயர் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கட்டளையில் ஒரு பட்டியல் உண்டு. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன், இவர்கள் யாரும் வேலை செய்யக் கூடாது. மனைவி மட்டும் அதில் இல்லை! நம் ஆண்கள் இதை ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆனால் வேலைக்காரிக்கும் கழுதைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டுக்காரியை அடுப்படியில் நிறுத்துகிற சட்டமாக அது இருக்க முடியுமா? முதலில் வருகிற 'நீ' கணவன், மனைவி இருவரையும் சேர்த்துத்தான். அதனால்தான் அவளைத் தனியாகச் சொல்லவில்லை.

அப்படியானால் ஞாயிறு பட்டினியா? இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்கிற உணவு விழுந்தபோது ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது. சுடுவதைச் சுட்டு, வேகவைப்பதை வேகவைத்து, மீதியை நாளைக்கு வையுங்கள் என்றார் மோசே. மற்ற நாட்களில் புழு வைத்த மன்னா அன்றைக்கு மட்டும் கெடவில்லை. நம்பாமல் ஏழாம் நாளிலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஓய்வுநாளின் உள்விஷயமே எனக்கு இதில்தான் புரிந்தது. நாம் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் வீடு நடக்கும், நடத்துகிறவர் வேறொருவர். யூத வீடுகளில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்துவிடுவார்கள். நமக்கு என்ன குறை? மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. சனிக்கிழமை சாயங்காலம் குழம்பு வைத்துவிட்டால் ஞாயிறு சோறு மட்டும் வடித்தால் போதும், அதை உங்கள் வீட்டுக்காரர் வடிக்கலாம். சிரிக்காதீர்கள். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஆயிரம் பேருக்கு அண்டாவில் கறி கிண்டுவது நம் ஆண்கள்தானே. எட்டுப் பேருக்கு என்றால் மட்டும் கை வராதா?

ஓய்வுநாள் பள்ளி என்று நல்ல தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு, அதில் ஓய்வே இல்லாமல் ஒரே ஆளை வருஷக்கணக்கில் நிறுத்துவது சபையின் தவறு. மாதத்தில் இரண்டு வாரம் வேறு ஆள் போடச் சொல்லி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

துணி துவைப்பதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவர் நம் ஆண்டவர். இந்த ஞாயிற்றுக் கண்டிப்பில் பாதி, பழைய மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் பங்களாவில் சமையலுக்கு ஆள் இருந்தது! ஆனாலும் துணி விஷயத்தில் அத்தையோடு சண்டை வேண்டாம். வாரத்தில் ஒரு வேலையாவது உங்களுக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறார்களே, அதை ஏன் விட வேண்டும்?

அத்தையோடு பேசும்போது ஒன்று நடக்கலாம். ஓய்வுநாளில்தானே பேதுருவின் மாமி எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள் என்று கேட்பார்கள். உண்மைதான். மாற்கு முதல் அதிகாரத்தில், ஆண்டவர் ஜெப ஆலயத்திலிருந்து நேராக அந்த வீட்டுக்கு வந்ததாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. முதலில் காய்ச்சலாய்க் கிடந்தவளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், காய்ச்சல் நீங்கிய பிறகே அவள் பணிவிடை செய்தாள். ஆகவே நீங்களும் முழங்காலை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் இருப்பார் என்றால், ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.