வினைவேகமும் வினைவழிமுறையும்: இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: வேதிவினை வேகவியலில் வேக விதி, வினைவகை, வினைவழிமுறை எல்லாம் தனித்தனியாகப் படித்தால் புரிகிறது. மூன்றும் ஒரே கணக்கில் வந்தால் குழம்பிவிடுகிறது. எப்படி அணுகுவது?

பதில்:

பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் குழப்பம் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. சமன் செய்யப்பட்ட சமன்பாட்டைப் பார்த்தாலே வேகம் தெரிந்துவிட வேண்டும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. சமன்பாடு என்பது வரவு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று சொல்லும். நடுவில் என்ன நடந்தது என்று அதற்கே தெரியாது.

ஒரு உதாரணம். நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் உருவாகின்றன. ஒன்றுக்கு ஒன்று, பார்க்க எளிமையான சமன்பாடு. ஏறத்தாழ 225 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சோதனை செய்து பார்த்தால், நைட்ரஜன் டைஆக்சைடின் செறிவை இரு மடங்காக்கினால் வேகம் 4 மடங்காகிறது. கார்பன் மோனாக்சைடின் செறிவை எவ்வளவு கூட்டினாலும் வேகம் அசைவதில்லை. அதாவது வேக விதியில், எந்தப் பொருளின் செறிவை வேகம் எப்படிப் பொறுத்திருக்கிறது என்று சொல்லும் சூத்திரத்தில், நைட்ரஜன் டைஆக்சைடின் இருபடி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு இல்லவே இல்லை. வினையில் செலவாகிற பொருள், ஆனால் வேகத்தில் அதற்குப் பங்கில்லை!

இதற்குச் சொல்லப்படும் விளக்கம், அதாவது வினை எந்தெந்தப் படிகளாக நடக்கிறது என்ற வினைவழிமுறை, உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். முதல் படியில் இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகள் மோதி, நைட்ரஜன் டிரைஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் உண்டாகின்றன. இது மெதுவான படி. அந்த டிரைஆக்சைடு ஒரு ஆக்சிஜன் அணுவைக் கார்பன் மோனாக்சைடிடம் கொடுத்துவிட்டு மறுபடி டைஆக்சைடாகிறது. இது வேகமான படி. முதல் படி முடிந்தால்தான் இரண்டாவதற்கு வேலை. கார்பன் மோனாக்சைடு எவ்வளவு காத்திருந்தாலும் முதல் படியை அதனால் துரிதப்படுத்த முடியாது.

“மெதுவான படிதான் வேகத்தை நிர்ணயிக்கிறது” என்ற வாக்கியத்தை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் போதவில்லை. மெதுவான படிக்கு முன்னால் ஒரு சமநிலை வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாணவர்கள் முழிக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது வேறு ஒரு வாசிப்பு. வினையின் ஆற்றல் பாதையில் மிக உயரமான இடத்தில் ஒரு கணம் மட்டும் இருக்கும் அணுக் கூட்டத்தைக் கிளர்வுற்ற அணைவு என்கிறோம். அந்தக் கூட்டத்தில் எந்தெந்த அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்பதை வேக விதி சொல்லிவிடுகிறது. வேக விதியின் மேல்பகுதியில் இருப்பதைக் கூட்டுங்கள், கீழ்ப்பகுதியில் ஏதாவது இருந்தால் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உச்சியில் நிற்கும் கூட்டம்.

மேலே பார்த்த வினையில் நைட்ரஜன் டைஆக்சைடின் இருபடி. கூட்டினால் 2 நைட்ரஜன், 4 ஆக்சிஜன். கார்பன் கிடையாது. ஆகவே உச்சியைத் தாண்டும்போது கார்பன் மோனாக்சைடு இன்னும் காட்சிக்கே வரவில்லை. வினைவழிமுறையை யாரும் சொல்லாமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

இப்போது கொஞ்சம் சிக்கலான ஒன்று. நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு தரும் வினை. வேகம் நைட்ரிக் ஆக்சைடின் இருபடிக்கும் ஆக்சிஜனின் முதல் படிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. இந்த அடுக்குகளின் கூட்டுத்தொகைதான் வினைவகை, ஆகவே மொத்தம் மூன்றாம் வகை வினை. மூன்று மூலக்கூறுகள் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் மோதுவது மிக அரிது என்பதால் அதை நம்பத் தயக்கமாக இருக்கும். அதைவிட வினோதம், வெப்பநிலையைக் கூட்டினால் இந்த வினையின் வேகம் குறைகிறது. சூடாக்கினால் வினை வேகமாகும் என்று பழகிய நமக்கு இது இடிக்கும்.

இரண்டு படிகளாகப் பார்த்தால் இடிக்காது. இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து இரட்டை மூலக்கூறாகின்றன, உடனே பிரியவும் செய்கின்றன. இது விரைவான சமநிலை. அந்த இரட்டை மூலக்கூறு பிரிவதற்குள் ஆக்சிஜன் வந்து மோதினால் விளைபொருள் கிடைக்கிறது. வேகம் என்பது இரட்டை மூலக்கூறின் செறிவு, ஆக்சிஜன் செறிவு, ஒரு வேக மாறிலி ஆகியவற்றின் பெருக்கல். இரட்டை மூலக்கூறின் செறிவைச் சமநிலை மாறிலி வழியாக எழுதினால் நைட்ரிக் ஆக்சைடின் இருபடி தானாக வந்துவிடும். சோதனையில் கிடைக்கும் மாறிலி உண்மையில் இரண்டு மாறிலிகளின் பெருக்குத்தொகை. இரட்டை மூலக்கூறு உருவாவது வெப்பம் உமிழும் மாற்றம், எனவே சூடாக்கினால் அந்தச் சமநிலை பின்னோக்கிப் போகிறது. அடுத்த படி கொஞ்சம் வேகமானாலும் இந்த இழப்பை அதனால் ஈடுகட்ட முடிவதில்லை.

அணுக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது: இரண்டு நைட்ரிக் ஆக்சைடு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. சமநிலை முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று கவலைப்படாமலே உச்சியில் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லாது. இதே வினைக்கு இன்னொரு வழியும் எழுதலாம். ஒரு நைட்ரிக் ஆக்சைடு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டிரைஆக்சைடாகிறது, பிறகு இன்னொரு நைட்ரிக் ஆக்சைடு வந்து மோதுகிறது. எழுதிப் பாருங்கள், அதே வேக விதிதான் வரும். ஆக, வேக விதி பொருந்துகிறது என்பதற்காக ஒரு வழிமுறை நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பொருந்தாத வழிமுறைகளைத் தள்ளிவிடத்தான் அது உதவும். தேர்வில் “இந்த வழிமுறை சரியானதா?” என்று கேட்டால் “சோதனை முடிவோடு ஒத்துப்போகிறது” என்று எழுதுங்கள், “சரியானது” என்று எழுதாதீர்கள்.

இதற்கு வரலாற்றில் பிரபலமான சாட்சி ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினை. ஜெர்மன் வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890-களில் இதை ஆராய்ந்தார். வேகம் ஹைட்ரஜன் செறிவுக்கும் அயோடின் செறிவுக்கும் நேர்விகிதம். ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதி ஒரே படியில் வினை முடிகிறது என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் இல்லை என்று பல பத்தாண்டுகள் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருந்தது. 1967-ல் ஜான் சல்லிவன், ஒளியைப் பாய்ச்சி அயோடின் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரித்து, வினை அந்த அணுக்களின் செறிவைப் பொறுத்து நடப்பதைக் காட்டினார். அயோடின் முதலில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து, அந்த இரண்டும் ஹைட்ரஜன் மூலக்கூறோடு சேர்ந்து வினைபுரிகின்றன என்ற விளக்கம் அதன்பின் வலுப்பெற்றது. இரண்டு கதைகளிலும் வேக விதி ஒன்றே, ஏனென்றால் இரண்டிலும் உச்சியில் இருப்பது 2 ஹைட்ரஜன் அணு, 2 அயோடின் அணு. சல்லிவனின் சோதனை பழைய கதையை முழுதாகத் தள்ளிவிடவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. சரி, அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

அதே போடன்ஸ்டைன் 1900-களின் தொடக்கத்தில் ஹைட்ரஜன், புரோமின் வினையையும் அளந்தார். அயோடின் மாதிரியே இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிடைத்ததோ பின்ன அடுக்குகள் கொண்ட ஒரு விசித்திர விதி. விளைபொருளான ஹைட்ரஜன் புரோமைடு வேறு அதில் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அணுக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலித் தொடராக வினையை நடத்திச் செல்கின்றன என்ற விளக்கம் வருவதற்குள் 1919 ஆகிவிட்டது. வினையின் தொடக்கத்தில், ஹைட்ரஜன் புரோமைடு இன்னும் சேராத நேரத்தில், வேகம் ஹைட்ரஜன் செறிவுக்கும் புரோமின் செறிவின் வர்க்கமூலத்துக்கும் நேர்விகிதம். அரை புரோமின் மூலக்கூறு என்றால் என்ன? ஒரு புரோமின் அணு! உச்சியில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு புரோமின் அணுவும் நிற்கின்றன. பின்ன வினைவகையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு எண், வினைவகை இரண்டும் ஒன்றல்ல. மூலக்கூறு எண் ஒரு தனிப் படிக்கு உரியது, அந்தப் படியில் எத்தனை மூலக்கூறுகள் பங்கேற்கின்றன என்பது. 1, 2, எப்போதாவது 3. வினைவகை மொத்த வினைக்குச் சோதனையில் கிடைப்பது. பூஜ்யமாகவும் பின்னமாகவும் இருக்கலாம். சமன்பாட்டின் குணகங்களை நேராக அடுக்குகளாக எழுதுவது ஒரே படியில் நடக்கும் அடிப்படை வினைகளுக்கு மட்டும்தான் செல்லும்.

ஆய்வகத்தில் ஒரே ஒரு சோதனை செய்ய வாய்ப்பிருந்தால் அமிலக் கரைசலில் அசிட்டோனையும் அயோடினையும் வினைபுரிய வையுங்கள். அசிட்டோனும் அமிலமும் தாராளமாக, அயோடின் கொஞ்சமாக இருக்கட்டும். அயோடினின் பழுப்பு மஞ்சள் நிறம் ஒரே சீரான வேகத்தில் குறைந்துகொண்டே வரும். பெரும்பாலான வினைகளில் பொருள் தீரத் தீர வேகமும் தளர்ந்துவிடும். இதில் கடைசிவரை தளராது. நிறமானியில் அளந்து நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அயோடினைப் பொறுத்தவரை இது பூஜ்ய வகை வினை. அசிட்டோனுக்கும் அமிலத்துக்கும் மட்டுமே வேகத்தில் பங்கு.

உச்சியில் அயோடின் இல்லை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அசிட்டோன் தன் ஹைட்ரஜன் ஒன்றை இழந்து ஈனால் வடிவத்துக்கு (கார்பன் இரட்டைப் பிணைப்பில் OH தொகுதி உள்ள வடிவம்) மாறுவதுதான் மெதுவான படி. ஈனால் உருவான உடனேயே அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. இதைச் சரிபார்க்க ஒரு வழி, அயோடினுக்குப் பதில் புரோமினைப் போடுவது. வேகம் மாறவில்லை. இன்னொரு வழி, அசிட்டோனில் உள்ள ஹைட்ரஜன்களுக்குப் பதில் ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் வைப்பது. வேகம் ஏறத்தாழ 7 மடங்கு குறைகிறது, ஏனென்றால் மெதுவான படியில் உடைவது அந்தப் பிணைப்புதான். வேக விதியால் முடியாத இடத்தில் இப்படி ஐசோடோப்பு கைகொடுக்கிறது. ஒரு வழிமுறையை நம்ப வைப்பது இந்த மாதிரி வெவ்வேறு திசையிலிருந்து வரும் சாட்சிகள்தான்.

வெப்பநிலை பற்றிச் சுருக்கமாக. “சூடாக்கினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி அதிகம் மோதுகின்றன” என்ற விளக்கம் பாதி உண்மை, அதுவும் சின்னப் பாதி. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனால் கிளர்வு ஆற்றல், அதாவது உச்சியை எட்டத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு 50 கிலோ ஜூல் உள்ள வினையின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. முக்கியமாகக் கூடுவது மோதல்களின் எண்ணிக்கை அல்ல. தடையைத் தாண்டும் அளவு ஆற்றல் கொண்ட மோதல்களின் பங்கு. ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-ல் முன்வைத்த, வெப்பநிலையையும் வேகத்தையும் இணைக்கும் சமன்பாட்டில் உள்ள அடுக்குக்குறி உறுப்பு இதைத்தான் சொல்கிறது. “10 டிகிரிக்கு இரட்டிப்பு” என்பதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மோலுக்கு 100 கிலோ ஜூல் உள்ள வினையில் அதே 10 டிகிரி கிட்டத்தட்ட 3.7 மடங்கு தரும்.

வினையூக்கி தடையைக் குறைக்கிறது என்று படித்திருப்பீர்கள். புதிய பாதை ஒன்றைத் திறக்கிறது என்று நினைத்துக்கொள்வது நல்லது. பழைய தடை அப்படியே இருக்கிறது. பாதை மாறுவதால் வேக விதியும் மாறலாம், வினையூக்கியின் செறிவே அதில் வரலாம். சமநிலை மாறிலி மட்டும் மாறாது. அரைவாழ்வுக் காலம், தொகையிட்ட வேகச் சமன்பாடு போன்றவை கணிதப் பயிற்சி. வேக விதி கையில் இருந்தால் அவை பின்னாலேயே வந்துவிடும், அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அப்புறம், இதெல்லாம் பிடிபட்டதா என்று பார்க்க ஒரு கணக்கு. ஓசோன் சிதைந்து ஆக்சிஜனாகும் வினையில் வேகம் ஓசோன் செறிவின் இருபடிக்கு நேர்விகிதம், ஆக்சிஜன் செறிவுக்கு எதிர்விகிதம் என்று கொடுத்திருக்கிறார்கள். மேலே இருப்பதைக் கூட்டுங்கள்: 6 ஆக்சிஜன் அணு. கீழே இருப்பதைக் கழியுங்கள்: 2 போகிறது. உச்சியில் மிஞ்சுவது 4 அணு. ஒரு ஓசோன் மூலக்கூறில் 3 இருக்கிறது என்றால் மீதி ஒரு அணு எங்கிருந்து வந்தது, அது வரும்போது எந்த மூலக்கூறு வெளியேறியது, வெளியேறிய அதுவே செறிவு கூடும்போது ஏன் வேகத்தைக் குறைக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் இரண்டு படிகள் கொண்ட வழிமுறை உங்கள் தாளில் இருக்கும். எழுதிவிட்டுக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்க்கிறேன்.