செயின் அடிக்கடி தளர்ந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

பொள்ளாச்சியிலிருந்து வாரந்தோறும் வால்பாறைக்கு 150 சிசி வண்டியில் சென்று வரும் நீங்கள், செயின் தளர்ந்துகொண்டே இருப்பதால் புதுச் செயின் மட்டும் போட்டால் போதுமா என்றும், ஏற்றத்துக்காக முன் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செயினை மட்டும் மாற்றாதீர்கள். இரும்பு இழுபடுவதால் செயின் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் (pin) என்ற ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலும் தேய்ந்து உண்டாகும் சிறு இடைவெளிகளெல்லாம் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகின்றன. அந்தச் செயினோடு ஓடிய ஸ்பிராக்கெட் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருக்கும் என்பதால், அவற்றின்மேல் ஏறும் புதுச் செயினும் விரைவில் கெட்டுவிடும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதிக்கு மேல் தெரிந்தால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றிவிட வேண்டியதுதான்.

நம் பக்கத்து நார் மில் தூசி, எண்ணெய்ப் பிசுக்குள்ள செயினில் அப்பிக்கொண்டு உப்புத்தாள்போல் அராவும். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் இரும்புத் துகள்கள் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்ந்தபின் 90 கியர் ஆயிலை உட்புறமாக விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். இவ்வளவையும் இன்ஜினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும். ஓடும் செயினில் துணி சிக்கினால் விரல் போய்விடும்.

செயின் மேலும் கீழும் ஆடும் தளர்வு பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம், உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். சிலர் சத்தம் வராமலிருக்க விறைப்பாக இழுத்து வைக்கிறார்கள். பின்னால் ஆள் ஏறியதும் அது மேலும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கையே கெடுத்துவிடும். செயினைவிடப் பெரிய செலவு அது.

முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால், ஆழியாற்றுக்கு மேலுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதலாகச் சுழல வேண்டும்; கோவைச் சாலையில் பெட்ரோல் செலவு கூடும், சிறிய வட்டத்தில் மடங்கும் செயினும் சீக்கிரம் தேயும். வாரம் ஒருமுறை மலையேறுவதற்கு, கம்பெனி அளவை வைத்துக்கொண்டு ஒரு கியர் குறைத்து ஓட்டுவதே நல்லது என்பேன்.

செட் மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள்: செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.