பம்ப் ஃபாயில்: படகுத்துறையிலிருந்து ஏறியதும் பலகை மூழ்கிவிடுகிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு இது வராதா?

வரும். பம்ப் ஃபாயில் என்றால், அடியில் ஒரு தண்டும் அதன் நுனியில் இறக்கையும் உள்ள பலகையில் நின்று, காலால் உந்தி உந்தியே தண்ணீருக்கு மேலே போவது. சூரிச் ஏரியில் நான் இதைக் கற்றுக்கொண்டது நாற்பத்து நான்கு வயதில். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். இது ஏதோ இன்றைய பொடிசுகளின் மோகம் என்பவர்களுக்கு ஒன்று: 1998-லேயே ஸ்வீடனில் அலெக்சாண்டர் சாலின், ஆள் துள்ளித் துள்ளி ஓட்டும் டிராம்போஃபாயிலைச் செய்துவிட்டார். அதுவும் துறையிலிருந்துதான் கிளம்பும், துள்ளல் நின்றால் மூழ்கும்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், நீங்கள் பலகை மேல் குதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குதிக்கக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரிதான்: பஸ்ஸின் வேகம் காலுக்கு வந்த பிறகே படியில் கால் வைப்போம். உங்களைத் தாங்குவது பலகை அல்ல, தண்ணீருக்குள் ஓடும் இறக்கை. வேகம் பாதியானால் அது தூக்கும் சக்தி கால்வாசியாகிவிடும். தொப்பென்று விழுந்தால் வேகம் செத்துப்போகும், அவ்வளவுதான். இதில் வயது எங்கே வருகிறது?

எனக்குப் பிடிபட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் பல வாரம் பூங்காப் புல்தரையில், பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி மட்டும் பழகியிருந்தேன். முன் கால் விழ வேண்டிய இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தேன். அன்று ஓடி வந்து, துறையின் விளிம்பில் மாஸ்ட்டை, அதாவது பலகையையும் இறக்கையையும் இணைக்கும் தண்டை, தண்ணீருக்குள் இறக்கி, பலகையை மட்டமாக முன்னே தள்ளி விட்டேன். அது போய்க்கொண்டிருக்கும்போதே முன் கால் டேப்பில், அடுத்த நொடி பின் கால். எடை முன் காலில்தான். பின் காலில் விழுந்தால் மூக்கு நிமிர்ந்து இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். பலகை தண்ணீரில் தட்டும் சத்தம் நின்றது. கண் எதிர்க்கரையில். உந்தவே இல்லை, அப்படியே வழுக்கிப் போனேன். நீங்களும் முதலில் வழுக்குவதை மட்டும் பழகுங்கள். நேராகச் சில மீட்டர் போக வந்த பிறகு உந்தலாம்.

இறக்கை 2000 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். சின்ன இறக்கையிலும் ஏறுகிறவர்கள் உண்டு, தெரியும். கேட்டவர் கற்றுக்கொள்கிறவர், அதனால் சொல்கிறேன். என்னிடம் ஒரு கடைக்காரர் "நீங்க ஒல்லி, சின்னதே போதும்" என்று விற்கப் பார்த்தார். எடையைப் பார்த்தாரே தவிர, அனுபவத்தைக் கேட்கவில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில், என் முறை நாளில், வெட்சூட்டை (குளிர் தாங்கும் ரப்பர் நீர் உடை) காயப்போட்டதற்கு எனக்குக் கடிதம் வந்தது. தரை ஈரமாகிறதாம். குளிர்காலத்தில் அதே அறையில் பனிச்சறுக்கு உடைகள் சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. அதற்கு யாருக்கும் கடிதம் போனதில்லை. இப்போது என் வெட்சூட் குளியலறையில் காய்கிறது, இரண்டு நாள் ஆகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்ட் 70, 75 சென்டிமீட்டர் என்றால், துறையடியில் குறைந்தது ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். துறை தாழ்வாக இருப்பது நல்லது. தலைக்கவசம் போடுங்கள். தடுமாறினால் பலகையைக் காப்பாற்றப் பார்க்காமல் பக்கவாட்டில் தள்ளி விழுங்கள். இறக்கையின் விளிம்பு ஆளை வெட்டும்.