மூன்றாம் இடத்துப் பள்ளிக்காக ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள். தரவரிசைப் பட்டியலில் அந்தப் பள்ளிக்கு 41-வது இடம். இப்போது 3-வது இடத்தில் இருக்கும் பள்ளியில் சீட் கிடைத்திருக்கிறது. கட்டணம் இரண்டரை மடங்கு. இப்போது எங்கள் இருவர் சம்பளத்தில் 6 சதவீதம் பள்ளிக்குப் போகிறது; அங்கே சேர்த்தால் 15 சதவீதம் போகும். கூடவே ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும். பள்ளியை விட்டுப் போகும்போது திருப்பித் தருவார்களாம். ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்திவிட்டுச் சமாளிக்கலாம் என்கிறார் கணவர். இல்லாவிட்டால், கட்டணமில்லாத நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் கடன் வாங்கி வீடு வாங்கலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்தாதீர்கள். அதை நிறுத்தினால்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால், அந்தப் பள்ளி உங்கள் சம்பளத்துக்கு மிஞ்சியது. நிறுத்தாமலே கட்ட முடியும் என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். அப்போதும் 3, 41 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்காகத் தன் முதுமையையே பணயம் வைக்கத் துணிகிற அப்பா அவர். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று பார்ப்பதற்கு முன்பே விலைக்குத் தலையாட்டிவிட்டார். அதனால் கணக்குக்குப் போவதற்கு முன் அந்த 3 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெரும்பாலான பட்டியல்களில் அதிக எடை பெறுவது தேர்வு முடிவுதான். தேர்வு முடிவோ, பள்ளி என்ன சொல்லிக்கொடுத்தது என்பதையும் எப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கலந்த ஒன்று. நுழைவுத் தேர்வு வைத்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் பள்ளி, பாடம் சுமாராக நடத்தினாலும் பட்டியலில் மேலேதான் இருக்கும். பெற்றோர் தனியாகச் செலவழிக்கும் டியூஷனும் பள்ளியின் பெயரிலேயே மதிப்பெண்ணாக வந்து சேரும்.

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைக்கும் பிரபலமான அரசுப் பள்ளிகள் உண்டு. அங்கே சீட் கிடைத்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்ற பேச்சும் உண்டு. அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். (ஆங்ரிஸ்ட் 2021-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.) அவர்கள் செய்தது எளிமையான வேலை. கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தாண்டி உள்ளே போன பிள்ளைகளையும், மயிரிழையில் தவறி வேறு பள்ளிகளுக்குப் போன பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் திறமையில் ஏறக்குறைய ஒன்றே. பிற்பாடு எழுதிய தேர்வுகளில் இவர்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் இதே முடிவுதான் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது கட்-ஆஃப் ஓரத்தில் இருந்த பிள்ளைகளை. அளந்தது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை. ஆனாலும், மேல்வரிசைப் பள்ளியில் இருந்து நல்ல மாணவர்கள் வெளியே வருவதைப் பார்த்து, அது முழுக்கப் பள்ளியின் கைவண்ணம் என்று நினைப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கச் சொல்கிறது.

இந்தச் சிக்கல் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்தில் 1992 முதல் அரசே பள்ளிவாரியாகத் தேர்வு முடிவுகளை வெளியிட்டு வருகிறது. ஐந்து பாடங்களில் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பதே பல ஆண்டுகள் முக்கிய அளவுகோலாக இருந்தது. விளைவு என்ன? 'டி'-யில் நிற்கும் பிள்ளையை 'சி'-க்குத் தூக்கினால் பள்ளியின் எண் ஏறும். நன்றாகப் படிக்கிற பிள்ளை இன்னும் மேலே போனாலும், கடைசியில் இருக்கிற பிள்ளை கொஞ்சம் முன்னேறினாலும் எண் அசையாது. ஆசிரியர்களின் கவனம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 2016-இல் 'ப்ராக்ரெஸ் 8' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளியில் படித்தவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்ப்பது அது. பக்கத்து வேல்ஸ் 2001-லேயே பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது.

முன்னேற்றத்தை அளக்கும் பட்டியலிலும் ஒரு தொல்லை உண்டு. உங்களைப் போன்ற பெற்றோருக்கு முக்கியமானது இதுதான்: காலம். இன்று வெளியாகும் முடிவு, பல வருடங்களுக்கு முன் பள்ளியில் சேர்ந்தவர்களுடையது. உங்கள் மகள் கடைசித் தேர்வு எழுத இன்னும் பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குள் தலைமையாசிரியர் மாறலாம், நல்ல ஆசிரியர்கள் போகலாம், நிர்வாகமே கைமாறலாம். ஜார்ஜ் லெக்கி, ஹார்வி கோல்ட்ஸ்டீன் என்ற பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் இங்கிலாந்துப் பள்ளிகளை வைத்து இதைத்தான் கேட்டார்கள்: இன்று சேரும் பிள்ளை தேர்வு எழுதும் காலத்தில் இந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்று இன்றைய எண்ணை வைத்துக் கணிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது; நிச்சயமின்மை அவ்வளவு அதிகம். சராசரியை விட மேல் அல்லது கீழ் என்று உறுதியாகச் சொல்ல முடிந்த பள்ளிகள் கொஞ்சம்தான். அதுவும் ஆறேழு ஆண்டுக் கணிப்பு. உங்களுடையது பன்னிரண்டு.

சிறிய பள்ளி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தேர்வு எழுதியது 20 பேர் என்றால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தவறினாலே தேர்ச்சி 5 சதவீதம் இறங்கும். பட்டியலின் நடுப்பகுதியில் பள்ளிகள் நெருக்கியடித்து நிற்பதால் அந்த 5 சதவீதம் பத்துப் பதினைந்து இடங்களைக் கூட மாற்றிவிடும்.

மதிப்பெண் தவிர மற்ற தகவல்களைப் பல பட்டியல்கள் பள்ளிகளிடமே கேட்டு வாங்குகின்றன. கல்லூரி அளவில் இது எங்கே போய் முடியும் என்பதற்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் ஓர் எடுத்துக்காட்டு. அது பட்டியலுக்குக் கொடுத்த எண்கள் சரியில்லை என்று அங்கேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-இல் எழுதினார். அதே ஆண்டு யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் அது 2-வது இடத்தில் இருந்து 18-வது இடத்துக்கு இறங்கியது. படிப்பில் எதுவும் மாறவில்லை.

சரி, பட்டியலைக் குப்பையில் போடலாமா? கூடாது. அமெரிக்காவில், வட கரோலினாவின் ஷார்லட் பகுதியில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை எளிமையாக ஒரு தாளில் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் மேலான பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. ஹேஸ்டிங்ஸ், வைன்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது. பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையிலேயே கிடக்கும் பள்ளியைத் தள்ளிவைக்கப் பட்டியல் நன்றாக உதவும். வேண்டாத பள்ளிகளைக் கழிப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள். 41-க்கும் 3-க்கும் நடுவே தேர்ந்தெடுப்பதற்கு அது அளவான கருவி இல்லை. 41-வது பள்ளி ஐந்து வருடங்களாக அதே சுற்றுவட்டத்தில்தான் நிற்கிறது என்றால், அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இனி பணம்.

15 சதவீதம் என்பது முதல் வருடக் கணக்கு. கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதமும் உங்கள் சம்பளம் 6 சதவீதமும் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வருடம் சம்பளத்தில் 22 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கே போகும். பேருந்து, சீருடை, சுற்றுலா, அப்புறம் அந்த டியூஷன், எல்லாம் இதற்கு வெளியே. ஒருவர் வேலை நடுவில் போனால்? இப்போதைய பள்ளியின் 6 சதவீதக் கட்டணம் அதே வேகத்தில் ஏறினாலும் ஏறக்குறைய 9 சதவீதம்தான்; அதை ஒற்றைச் சம்பளத்தில் தாங்கலாம். 22 சதவீதத்தைத் தாங்குவது கடினம். அந்த நேரத்தில், தோழிகளை எல்லாம் விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாறுவது உங்கள் மகளுக்குத் தரவரிசையை விடப் பெரிய பாதிப்பு.

இரண்டு பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் இன்று உங்கள் சம்பளத்தில் 9 சதவீதம். அந்த வித்தியாசத்தை மட்டும், வருடாவருடம் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே, 8 சதவீதம் தரும் முதலீட்டில் போட்டால் பன்னிரண்டு வருட முடிவில் இன்றைய ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு சேர்ந்திருக்கும். அன்றைய சம்பளத்தில் பார்த்தால் ஒன்றரை வருடச் சம்பளம். கல்லூரிச் செலவில் பெரிய பங்கை அது தாங்கும். அதைத் தொடாமல் இன்னும் 18 வருடம் விட்டுவைத்தால் நான்கு மடங்காகும். (8 சதவீதம் உறுதியானதல்ல, 6 கிடைத்தாலும் தொகை சிறியதாக இருக்காது.) கல்லூரிப் படிப்புக்குக் கடன் கிடைக்கும். ஓய்வுக்காலத்துக்குக் கடன் தர யாரும் இல்லை. அப்போது அந்தச் செலவு உங்கள் மகள் தலையில் விழும். அவள் தன் குடும்பத்தைத் தொடங்கும் வயதில், உங்கள் செலவையும் சுமப்பாள்.

வீடு மாறும் யோசனை கட்டணத்தை விடச் சுவாரசியமானது. நல்ல பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் வீட்டில் பள்ளியின் பெயர் விலையிலேயே ஏறியிருக்கும். பாஸ்டன் புறநகர்களில், பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளைப் பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டுப் பார்த்தார். 1999-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஒரே தெரு மாதிரியான இடம், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கட்டணம் கட்டினால் பணம் போனது போனதுதான். வீட்டுக்குக் கொடுத்த கூடுதல் விலையோ, பள்ளியின் பெயர் நிலைத்தால், விற்கும்போது திரும்பி வரலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் செலவு அந்தக் கூடுதல் தொகைக்கான வட்டியும், வாங்க விற்க ஆகும் வரியும் தரகும்தான். இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியின் பெயர் கெட்டாலோ, எல்லைக்கோட்டை மாற்றி வரைந்தாலோ, பள்ளியும் வீட்டு விலையும் ஒரே நாளில் சறுக்கும். மாதத் தவணை மட்டும் மாறாது. ஒரே எண்ணின் மேல் இரண்டு பந்தயம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பகுதி உண்மையிலேயே பிடித்திருந்தால் இரண்டு வருடம் வாடகைக்குப் போய்ப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

சேமிப்பைத் தொடாமலே 15 சதவீதம் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டுத் தெரிந்தால், முடிவெடுக்கும் முன் பள்ளிக்குப் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: கடைசித் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் சிறு வகுப்பில் இருந்தே இங்கே படித்தவர்கள்? நூறு பேர் சேர்ந்து அறுபது பேர்தான் தேர்வு எழுதினார்கள் என்றால், மீதி நாற்பது பேர் எங்கே போனார்கள் என்று தெரிய வேண்டும். படிப்பில் பின்தங்கியவர்களை வெளியே அனுப்பிவிட்டு முன்வரிசையைக் காப்பாற்றும் பள்ளியில், உங்கள் மகள் ஒரு வருடம் தடுமாறினால் அவள் கதியும் அதுதான். ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருடம் இங்கே நிலைக்கிறார்கள் என்றும், கடைசி மூன்று வருடங்களில் கட்டணம் எவ்வளவு ஏறியது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். இதே கேள்விகளை 41-வது பள்ளியிலும் கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

வைப்புத்தொகை விஷயம்: 'திருப்பித் தருவோம்' என்பதால் அது செலவே இல்லை என்று எண்ணாதீர்கள். வட்டியில்லாமல் 100 கொடுத்து, பன்னிரண்டு வருடம் கழித்து அதே 100-ஐ வாங்கினால், 8 சதவீதக் கணக்கில் 152 இழக்கிறீர்கள். அதையும் கட்டணத்தோடு சேர்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள். நடுவில் பள்ளி மாறினால் எத்தனை நாளில் தருவார்கள், எதையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள், நிர்வாகம் கைமாறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். எழுதித்தர மறுத்தால் கட்ட வேண்டாம்.